புணையும் பாயும்: புறப்படுதல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நிவித்திகலவில் நின்று கடலைக் காண இயலாது. இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரைச் சுற்றித் தேயிலையும் இறப்பரும் வளரும் சரிவுகளும், மாணிக்கக் குழிகளும், ஓயாத மழையுமே உள்ளன. ஆயினும் அங்கு பெய்யும் மழைநீர் ஓடைகளாகிக் களுகங்கையைச் சேர்ந்து களுத்துறையிற் கடலை அடைகின்றது. 1912இல் இரத்தினபுரிக்கு ஒடுங்கிய இருப்புப்பாதை வந்து சேருமுன்னர், மலைநாட்டுப் பண்டங்களைக் கரைக்குக் கொண்டு சென்றவற்றுள் அவ்வாற்றில் ஓடிய தட்டையான பெரிய ஓடங்களும் அடங்கும். அதனினும் முக்கியமான தொடர்பொன்றும் உண்டு. அவ்வூர்த் தோட்டங்களின் லயன்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏதோ ஒரு தலைமுறையிற் கடல் கடந்தே வந்தவை. எனவே கலமேறிப் புறப்படுதல் பற்றிய சிந்தனை அம்மலைகளுக்கு அயலானதன்று.

பாய்க்கலத்திற் கரையோரமாகப் பயணம் போதல் இன்று பல நாடுகளில் ஒரு பெருவிருப்பாக வளர்ந்துள்ளது. மாகடலைக் கடப்பதன்று அதன் நோக்கம். காலையில் ஒரு குடாவை விட்டுப் புறப்பட்டு, கரையைக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வைத்துக்கொண்டு சென்று, மாலையில் இன்னொரு குடாவில் நங்கூரம் இடுவதே அதன் முறை. நன்னீர், உணவு, கடல் வரைபடம், மாற்றுக் கயிறு முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு, தான் செல்லவிருக்கும் வழியைக் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிவைத்து, மாலுமி காற்றைப் பார்ப்பான். காற்று ஒவ்வாவிடின் தேநீர் அருந்திக்கொண்டு இன்னொரு நாள் காத்திருப்பான். இது சிறு செய்தி போலத் தோன்றினும் இக்கட்டுரைக்கு இதுவே முதன்மையானது.

இலங்கையைச் சூழ்ந்த கடலில் இக்காத்திருப்புக்குப் பெரும் பொருளுண்டு. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையையும் தென்கரையையும் கொந்தளிக்கச் செய்ய, திருகோணமலைப் பக்கம் கடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். இந்து சமுத்திரத்தைக் கடக்கும் வெளிநாட்டுப் பாய்க்கலங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களிற் காலித் துறைமுகத்தை நாடிவருவதற்கு இதுவே காரணம். அவற்றில் வருவோர் தம் செயலுக்குச் சுதந்திரம் எனப் பெயரிடுவர். அப்பெயர் பொருந்துமா, பொருந்துமாயின் எதனாற் பொருந்துகின்றது என்பது வினா. ஓய்வுடையோரின் பொழுதுபோக்கைப் பற்றிய வினாவாக மட்டும் அது இருந்தால் இத்தனை பக்கங்களுக்குத் தகுதியற்றது. நிவித்திகல போன்ற ஊர்களின் தோட்டங்களிலிருந்தும் ஒரு காலத்திற் பலர் கடலை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களும் தம் விருப்பின்படியே புறப்பட்டதாகத் தாள்கள் கூறுகின்றன.

தமிழ் மரபில் இவ்வினாவுக்கு இரு படிமங்கள் உள்ளன. கணியன் பூங்குன்றனார் உயிரின் போக்கைப் பேராற்று நீரிற் செல்லும் புணைக்கு ஒப்பிட்டார். புணைக்குப் பாயில்லை, சுக்கானில்லை. நீர் போகும் வழியே அதன் வழி. அதே புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பாடும்போது, காற்றின் இயக்கத்தை வசப்படுத்தி நாவாய் செலுத்தியவரின் வழித்தோன்றலாக அவனைக் காட்டுகின்றார். முன்னதை விதிக்கொள்கை என்றும் பின்னதை முயற்சிக்கொள்கை என்றும் வகுத்துவிடுவது எளிது. வகுப்பறைகளிற் பெரும்பாலும் அவ்வாறே செய்யப்படுகின்றது. ஆனால் பூங்குன்றனார் தம் புணையைச் சோம்பலுக்குச் சான்றாக்கவில்லை. பெரியோரை வியக்கவும் சிறியோரை இகழவும் காரணமில்லை என்று காட்டவே அதனைப் பயன்படுத்தினார். அவ்விலக்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வேண்டப்படும்.

பாய்க்கலமும் காற்றை வென்றுவிடுவதில்லை. எந்தப் பாய்க்கலமும் காற்று வரும் திசைக்கு நேரெதிராகச் செல்ல முடியாது. ஆனால் அத்திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து ஒருபுறம் சென்று, பின்னர் மறுபுறம் திரும்பி, வளைந்து வளைந்து, காற்று வரும் இடத்தையே சென்றடைய முடியும். இதைச் செய்வது பாய் மட்டுமன்று. கலத்தின் அடியில் நீருள் அமிழ்ந்து கிடக்கும் ஏரா, கலம் பக்கவாட்டில் அள்ளுண்டு போகாதவாறு நீரைப் பற்றிக்கொள்கின்றது. ஏரா இல்லாத கலத்திற் பாய் விரித்தால் அது காற்றின் போக்கிலேயே ஓடும். கரையில் நின்று பார்ப்பவனுக்குப் பாய் தெரியும், ஏரா தெரியாது. சுதந்திரம் பற்றிப் பேசுவோர் பலர் பாயை மட்டும் கண்டு பேசுகின்றனர் என்பதே இங்குள்ள குறை.

அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில் இதே வினாவை எழுப்பும்போது இரு முறை கடலை நோக்கிச் செல்வது வியப்பூட்டுவது. காற்றால் ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லப்படுபவனையும், தன்னைப் பிடித்துவைத்திருப்போராற் கொண்டுசெல்லப்படுபவனையும் அவர் கட்டாயத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். அங்கே செயலின் தொடக்கம் வெளியே உள்ளது. செய்பவன் எதனையும் அளிப்பதில்லை. அடுத்துப் புயலிற் சிக்கிய கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிபவனைக் காட்டுகின்றார். எவரும் சும்மா தம் சரக்கை எறியமாட்டார். உயிர் தப்புவதற்காக அறிவுள்ள எவரும் எறிவர். இத்தகைய செயல்களைக் கலப்புச் செயல்கள் என்று அவர் அழைத்து, அவை தன்விருப்பச் செயல்களையே கூடுதலாக ஒத்தவை என முடிக்கின்றார். எறிந்த கைகள் அவனுடையவை. எறியாதிருக்கவும் அவனால் முடியும். 1651இல் ஹொப்ஸ் இதே எடுத்துக்காட்டை எடுத்து இன்னும் ஓரடி சென்றார். அச்சமும் சுதந்திரமும் ஒத்துப்போகக் கூடியவை. கப்பல் மூழ்கும் என்ற அச்சத்தாற் சரக்கை எறிபவன் முழு விருப்போடுதான் எறிகின்றான் என்பது அவர் வாதம். அரசுகளுக்கு மிகவும் உதவக்கூடிய வாதம் இது.

இனி உண்மையான பயணங்களுக்கு வரலாம். ஈழத் தமிழரிடையே பெயர்பெற்ற பாய்க்கலப் பயணம் வல்வெட்டித்துறையின் 'அன்னபூரணி'யினுடையது. இரு பாய்மரங்களுடன் 89 அடி நீளத்தில் அவ்வூரிற் கட்டப்பட்ட அக்கலத்தை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1928 முதல் 1931 வரை ஒரு சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்தவர் அவர். அன்னபூரணிக்கு அவருடைய மனைவியின் பெயர் சூட்டப்பட்டது. வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஓகஸ்ட் முதலாம் நாள் அமெரிக்காவின் மசச்சூசற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தனர். இதனைப் பெருமையோடு நினைவுகூர்வோர், அவ்வைவரும் ஊதியத்துக்குச் சென்றவர்கள் என்பதைப் பெரிதாகச் சொல்வதில்லை. கலம் அவர்களுடையதன்று. தெய்வத்தின் பெயரோடு நீரில் இறங்கிய அது வேறொருவர் மனைவியின் பெயரோடு அயல்துறையை அடைந்தது. ஆயினும் அப்புறப்பாடு அவர்களுடைய செயலே என்பதிற் சந்தேகம் எழுவதில்லை. ஏனெனில் கடலோடுதல் அவ்வூரின் தொழில். இக்கலம் வேண்டாமெனின் இன்னொரு கலம் இருந்தது. கலமே வேண்டாமெனின் வீடு இருந்தது. தண்டையல் ஒருவர் "மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவருடைய அடுப்பு அணைந்திராது. ஊதியம் செயலைக் கட்டாயமாக்குவதில்லை. மறுப்பதற்கு இடமின்மையே கட்டாயமாக்குகின்றது.

மறுமுனையில் நிற்பவர் பேர்னார்ட் முவாத்தேசியே என்ற பிரெஞ்சுக்காரர். 1968இல் தொடங்கிய, தனியொருவராக எங்கும் தரிக்காமல் உலகைச் சுற்றும் போட்டியில் அவர் வெல்லும் வாய்ப்பிருந்தும், 1969இற் போட்டியைக் கைவிட்டுப் பசிபிக்கை நோக்கித் திரும்பித் தாகித்தித் தீவை அடைந்தார். போட்டியை முடித்த ஒரேயொருவரான றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரனின் 'சுகைலி' பம்பாயிற் கட்டப்பட்ட கலம் என்பது ஒரு புறச்செய்தி. முவாத்தேசியேயின் முடிவைச் சுதந்திரத்தின் உச்சம் எனப் போற்றுவர். போற்றலாம். ஆனால் அவர் திரும்பாதிருந்தது திரும்பக்கூடிய கரையொன்றிலிருந்தே. எந்தத் துறையை அடைந்தாலும் அங்கு கேட்கப்படுவன கலத்தின் பதிவுத் தாள், அது பறக்கவிடும் கொடி, அதிலுள்ளோரின் கடவுச்சீட்டு. காற்றைப் போலத் திரிபவன் எனத் தன்னைக் கருதும் மாலுமியும் அப்பெட்டியைத் திறந்து தாள்களை நீட்டியே கரையிறங்குகின்றான். அந்தத் தாள்களே அவனுடைய ஏரா.

தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பாக்கு நீரிணையைக் கடந்ததும், தொடக்கக் காலத்தில், பாய்த்தோணிகளிலேயே. தூரத்தால் நோக்கின் அதுவும் ஒரு கரையோரப் பயணமே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றரே உள்ளது. ஆயினும் ஏறியவர்களுட் பலர் தோணியில் கால்வைக்குமுன்னரே கங்காணியிடம் பெற்ற முன்பணத்துக்குக் கடனாளிகள். 1864இல் 'ஆதிலட்சுமி' என்ற கலம் மூழ்கித் தொழிலாளர் 120 பேர் மாண்டதை மலையக வரலாற்றை எழுதியோர் மறவாது குறிப்பிடுவர். கடனோடு ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. அவர்களும் ஒருவகையில் விரும்பியே வந்தனர். ஊரிற் பஞ்சம் இருந்தது. ஆயினும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அத்தோணியை அறியார். அவர்கள் நிவித்திகலவிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் பிறந்தவர்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அப்பேரப்பிள்ளைகளுட் பெரும்பாலார் நாடற்றோராயினர். வாக்குரிமையும் அடுத்துப் போயிற்று. 1964 ஒக்ரோபர் 30இற் புதுடில்லியிற் கைச்சாத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் எனப் பிரித்தது. எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியா ஏழு பேரை ஏற்க இலங்கை நால்வருக்குப் பிரசாவுரிமை அளிக்கும் என்பது ஒப்பந்தத்தின் விகிதம். இவ்விகிதத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஒரு லயத்தில் எழுவர் கோச்சி ஏறினாலன்றி அடுத்த லயத்தில் நால்வருக்கு நிலைபேறில்லை. ஒருவர் தங்குவதற்கு மற்றவர் புறப்படுவது விலையாகின்றது. அயலவரோடு முரண்படாத குடும்பமும் அயலவர் போவதை உள்ளூர எதிர்பார்க்கும் நிலைக்கு இவ்வெண்கள் கொண்டுவந்தன. பசியைவிடவும் அவமானத்தைவிடவும் இதுவே அவ்வொப்பந்தத்தின் பெரிய அறக்கேடு என்று சொல்லத் தோன்றுகின்றது.

இருப்பினும் எவரையும் கையைப் பிடித்து இழுத்துச் சென்று கலத்தில் ஏற்றவில்லை. விண்ணப்பப் படிவங்கள் வழங்கப்பட்டன. இந்தியப் பிரசாவுரிமையா, இலங்கைப் பிரசாவுரிமையா என்பதை மக்களே எழுதினர். இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் தொகை ஒப்பந்தம் குறித்த 5,25,000ஐ எட்டவேயில்லை. மக்கள் எதை விரும்பினர் என்பதற்கு அதுவே போதிய சான்று. பின்னர் 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பஞ்சம் வந்தது. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் சப்பிரகமுவத் தோட்டங்களில் லயன்கள் தாக்கப்பட்டன. 1981இல் இரத்தினபுரியும் காவத்தையும் இறக்குவானையும் பெரிதும் பாதிக்கப்பட்டன. சிங்களக் கிராமங்களுக்கிடையே தனித்தனியாகச் சிதறிக்கிடந்த அத்தோட்டங்களில், ஓர் இரவில் ஓடுவதாயினும் எப்பக்கம் ஓடுவது என்பது தெரியாது. அச்சூழலில் "இந்தியாவுக்குப் போவோம்" என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், அது யாருடைய செயல்?

ஹொப்ஸ் இருந்தால் அவர்களுடையதே என்பார். புயலில் எறிந்த சரக்கு அது. அரிஸ்டோட்டில் கலப்புச் செயல் என்பார். ஆனால் அவருடைய எடுத்துக்காட்டில் புயலை எழுப்பியவர் எவருமில்லை. அது இயற்கையின் சீற்றம். சட்டம் இயற்கையன்று. புயலை எழுப்பியவனே கரையில் நின்று, "சரக்கை நீயாகத்தானே எறிந்தாய்" என்று கேட்கும் நிலை அவர் ஆராயாதது. இவ்விடத்தில் டேவிட் ஹியூம் கூடுதலாக உதவுகின்றார். ஒரு நாட்டில் தொடர்ந்து வாழ்பவன் அதன் ஆட்சிக்கு மௌனமாகச் சம்மதித்தவனே என்ற லொக்கின் கருத்தை 1748இல் அவர் மறுத்தபோது, உறக்கத்திற் கப்பலில் ஏற்றப்பட்டவனைக் காட்டினார். விழித்தபின் அவன் கடலிற் குதிக்கவில்லை என்பதற்காகக் கப்பல் தலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்தான் என்று கூறமுடியுமா? அயல்மொழியும் அறியாது, அன்றாடக் கூலியில் வாழும் ஏழை உழவனுக்கு நாட்டைவிட்டுப் போகும் உரிமை உண்டென்பது வெறும் சொல் என்றார் அவர். ஹியூம் கண்டது போகமுடியாதவனை. தோட்டத்திற் காணப்பட்டவனோ இருக்கமுடியாதவன். வாதம் இரண்டிலும் ஒன்றே. இருத்தலும் போதலும் ஆகிய இரு வாயில்களும் திறந்திருந்தாலன்றி ஒன்றிற் புகுந்ததைச் சம்மதம் எனக் கொள்ளலாகாது.

இத்துடன் விடை முடிந்துவிட்டதாகக் கருதிவிடலாம். ஆனால் ஒரு தடை உண்டு, அது அற்பமானதன்று. சென்றவர்கள் எல்லோரும் தம்மைப் புணையாகக் கருதவில்லை. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களுட் சிலர், குழந்தைகளின் படிப்பை எண்ணியும், அடிவாங்காத நாடொன்றை எண்ணியும் தாமே துணிந்து எடுத்த முடிவு அது என்பர். அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதிய குடும்பங்களில், இருவரும் தத்தம் முடிவைக் காக்க நெடுங்காலம் வாதாடியிருப்பர். அவர்களை நோக்கி, "உங்களுக்குத் தெரிவே இருக்கவில்லை, நீங்கள் நீரில் மிதந்த கட்டைகள்" என்று பல்கலைக்கழக அறையிலிருந்து கூறுவது கருணை போலத் தோன்றும் அவமதிப்பு. பூங்குன்றனார் விலக்கிய இகழ்ச்சி இவ்வழியாகவும் உள்ளே வரும். அவர்களைப் பாய்விரித்த மாலுமிகள் எனக் கொண்டாடினாலோ, சட்டம் இயற்றியோரும் தீ வைத்தோரும் குற்றமின்றிப் போவர்.

இவ்விரு தவறுகளுக்கும் காரணம், செயல் யாருடையது என்ற வினாவையும் பொறுப்பு யாருடையது என்ற வினாவையும் ஒன்றெனக் கொள்வது. பாயை அவர்கள் விரித்தார்கள். எதை எடுத்துச்செல்வது, எதை அயலவருக்குக் கொடுப்பது, கிழவியை எவ்வாறு கோச்சி ஏற்றுவது என்பவற்றையெல்லாம் அவர்களே எண்ணி முடிவுசெய்தனர். அதற்குரிய மதிப்பு அவர்களைச் சேரும். அவர்கள் ஏறிய கலத்தின் ஏராவை முன்னரே அறுத்தவர்கள் வேறு. அதற்குரிய பழி அங்கே சேரும். துணிவைப் பாராட்டினாற் பழி குறைந்துவிடும் என்றும், பழியைச் சொன்னால் துணிவு இல்லாமற் போய்விடும் என்றும் அஞ்சவேண்டியதில்லை.

ஒரு சொல்லையும் இங்கு கவனிக்கவேண்டும். அவர்களுக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. நிவித்திகலவிற் பிறந்து, தலைமன்னாரில் முதன்முறையாகக் கடலைக் கண்ட ஒருத்தி எங்கே திரும்பினாள்? திரும்புதல் என்பதற்கு முன்பு ஒருமுறை போயிருக்கவேண்டும். கரையோர மாலுமி மாலையில் நங்கூரமிட்டு, விரும்பினால் மறுநாள் தன் பழைய குடாவுக்கே மீள்கின்றான்; அவன் சொல்லும் 'திரும்புதல்' உண்மையானது. இவர்களோ புறப்பட்டதைத் திரும்பியதாகப் பதிந்தனர் அதிகாரிகள். போன இடத்தில் மக்கள் அவர்களைச் 'சிலோன்காரர்' என்று அழைத்து அப்பதிவை மறுத்தனர்.

1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை போர்ச்சூழலால் நின்றது. இந்தியப் பிரசாவுரிமைக்கு எழுதியிருந்தோரிற் பலர் அப்போது கையொப்பமிட்டும் போகாதவராய்த் தோட்டங்களிலேயே தங்கினர். தாள் அவர்களை இந்தியர் என்றது; கொழுந்துக் கூடை வேறொன்றைச் சொல்லிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக ஏற்றது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றிருந்தும் போகாதோருக்கு ஒரு பிரகடனம் போதுமானதாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உறுதியான சம்மதம் எனக் கருதப்பட்ட ஒரு கையொப்பத்தை இன்னொரு கையொப்பம் நீக்கிற்று. முன்னையது போனவர்களை மட்டும் கட்டியது. அவர்கள் சார்பில் எவரும் இரண்டாவது தாளொன்றை நீட்டவில்லை.

தலைமன்னாருக்கான இருப்புப்பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டு, கோச்சி இறங்குதுறை நிலையம்வரை செல்கின்றது. 1984இல் நின்ற கப்பல் அத்துறைக்கு மீளவில்லை. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபர் 14இற் பயணிகள் கப்பல் தொடங்கிற்று. காலநிலையைப் பொறுத்து இடையிடையே நின்றும் தொடர்ந்தும் வருகின்றது. நிவித்திகலவில் இன்று பிறக்கும் பிள்ளை ஒரு கடவுச்சீட்டோடு அதில் ஏறி, கூடலூரிலுள்ள பெரியப்பா வீட்டுக்குப் போய், காற்று ஒத்துவரும் நாளொன்றிற் காங்கேசன்துறையில் வந்து இறங்கலாம்.